ஒன்பதரை மணிச் சூரியன்

வேனில் ஏறுகிறவர்களின் முகம் காணாமல் போய் அன்றோடு மூன்று வாரம் ஆகியிருந்தது.

ஆட்கள் என்னவோ வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஆனால் வண்டி ஓட்டுகிறவள் எதைப் பார்க்கிறாளோ அது இருக்காது. செருப்பைப் பார்த்தால் ஆள் இருப்பார், செருப்பு இருக்காது. முகத்தைப் பார்த்தால் சுற்றிலும் நரைமுடி இருக்கும், இரண்டு பக்கமும் காது இருக்கும், நடுவில் மட்டும் யாரோ ஈர விரலால் தேய்த்து அழித்த மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு மொத்தை. அந்த மொத்தைக்குள்ளிருந்து, "என்னடி, சரியா தூங்கலையா?" என்று குரல் வரும்.

வயதானவர்கள் பகல் பொழுதில் வந்து இருந்துவிட்டுப் போகிற நிலையம் ஒன்றின் வேன் அது. காலை ஆறு மணிக்கு வண்டியை எடுத்தால் இரண்டு சுற்று சுற்றி, வீட்டு வாசல் வாசலாக நின்று, பதினோரு பேரை ஒன்பதே காலுக்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். மாலையில் அதே பதினோரு பேரைத் திரும்ப விட வேண்டும். எட்டு வருஷமாக அவள்தான் ஓட்டினாள். பதினோரு பேரில் மூத்தவரான ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் முதல் வருஷமே அவளுக்கு 'சாரதி' என்று பெயர் வைத்துவிட்டார். அவளுடைய சொந்தப் பெயர் இப்போது சம்பளச் சீட்டில் மட்டும்தான் குடியிருந்தது. எட்டு வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் கிடையாது. பக்கக் கண்ணாடிகூடப் பழைய கண்ணாடிதான்.

அப்படிப்பட்டவளுக்கு இது எப்படி வந்தது என்றால், கோயிலில் வந்தது.

அவள் புருஷன் கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவர். ஒற்றைக் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, கடுகைவிடச் சின்ன திருகாணியைப் பிடித்து உட்கார வைக்கிற வேலை. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் மத்தியானம், "வலது பக்கம் திரை விழற மாதிரி இருக்கும்மா" என்றார். மறுநாள் ஆபரேஷன். விழித்திரை பிரிந்துவிட்டதாம். உள்ளே காற்று நிரப்பி ஒட்ட வைத்திருக்கிறார்களாம். ஒட்டுமா ஒட்டாதா என்று கேட்டதற்கு, "பார்ப்போம்" என்றுதான் பதில் வந்தது. இரண்டு வாரம் அவர் குப்புறவே கிடந்தார். சோறு ஊட்டினாலும் குப்புற, பேசினாலும் குப்புற. மனுஷனின் பிடரியோடு எத்தனை நாள் குடித்தனம் நடத்துவது? இடது கண் அவருக்குச் சின்ன வயசிலிருந்தே அரைப் பார்வை. வலதும் போனால் முழு இருட்டு.

அவள் போகிற வழியில், ஒரு சூரியன் கோயில் இருந்தது. பெரிய கோயில் இல்லை. கிழக்குப் பார்த்த சன்னதி, முன்னால் கல் பாவிய முற்றம், முற்றத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மதில். உள்ளே இரண்டு கையிலும் தாமரை பிடித்துக்கொண்டு சூரியன் நிற்பார். காலடியில் ஏழு குதிரை. அதை ஓட்டுகிற அருணன். அருணனுக்கு இடுப்புக்குக் கீழே கால் இல்லை. சாரதி எப்போது போனாலும் முதல் கும்பிடு அவனுக்குத்தான். கால் இல்லாமல் ஏழு குதிரையை ஓட்டுகிறான், நமக்கு பிரேக், கிளட்ச், ஹேண்ட் பிரேக் எல்லாம் இருந்தும் முதுகு வலிக்கிறது என்று அவனிடம் சொல்லிச் சிரித்துக்கொள்வாள். ஒரே தொழில் பார்க்கிறவர்கள், அந்த உரிமை.

கண்ணுக்கு அதிபதி சூரியன். ஆகவே நாற்பத்தெட்டு நாள் வருவதாக வேண்டிக்கொண்டாள். அர்ச்சகர் அவளைவிடப் பத்து வயது சின்னவர், மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி ஹெல்மெட்டைத் திண்டின் மேல் வைத்துவிட்டு நடை திறக்கிறவர். முறை சொல்லிக் கொடுத்தார். காலையில் கிழக்கே பார்த்து நிற்க வேண்டும். இரண்டு கை நிறைய தண்ணீர் எடுத்து, நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி, மெதுவாக விட வேண்டும். விழுகிற தண்ணீருக்குள்ளே அவரைப் பார்க்க வேண்டும். மூன்று தரம். பிறகு கீழே விழுந்து கும்பிட்டு அவருடைய பன்னிரண்டு பெயரைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அவ்வளவோடு நிறுத்தியிருந்தால் எந்த வம்பும் இல்லை. ஆனால் ஆறு மணிக்கு வண்டியை எடுக்க வேண்டியவள் சூரியன் உதிக்கும்போது எங்கே கோயிலுக்குப் போவது? பதினோரு பேரையும் இறக்கிவிட்டு, வண்டியைப் பூட்டி, கோயிலுக்குப் போகும்போது மணி ஒன்பதரை. வெயில் மதிலைத் தாண்டி முற்றம் முழுக்கக் கொட்டிக் கிடக்கும். நாள் கணக்கு தப்பக் கூடாது, நேரம் முன்னே பின்னே இருந்தால் சாமி கோபித்துக்கொள்ளவா போகிறார் என்று அவளே தீர்ப்பு சொல்லிக்கொண்டாள். வேலைக்குப் போகிறவர்கள் வேறு எப்படித்தான் சாமி கும்பிடுவது?

அதோடு விட்டாளா? கையிலிருக்கிற தண்ணீர் மூன்று தரம் கண் சிமிட்டுவதற்குள் தரைக்குப் போய்விடுகிறது. இத்தனை பெரிய விஷயத்தைக் கேட்டுவிட்டு இத்தனை சின்னதாகவா கும்பிடுவது என்று அவளுக்குப் பொறுக்கவில்லை. தண்ணீரை விட்டாள். பன்னிரண்டு பெயரை ஒன்பது தரம் சொல்லி நூற்றெட்டாக்கினாள். நூற்றெட்டும் முடிகிறவரை கண்ணைச் சிமிட்டாமல் நேராக வானத்தில் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். மித்திரன், ரவி, சூரியன், பானு... தாரை தாரையாகக் கண்ணீர் வடிந்தது. மேலிருந்து கிடைக்கிற அருள் இப்படித்தான் வழியும் போல என்று நினைத்தாள். பைத்தியக்காரி! கண்ணை எரித்துக்கொண்டு அதற்கு அருள் என்று பெயர் வைத்தவளை என்னவென்று சொல்வது?

நாற்பத்தோராம் நாள் கோயிலை விட்டு வெளியே வந்தபோது கண்ணுக்குள் ஒரு பொட்டு நின்றது. வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு வந்தால் கொஞ்ச நேரம் நிற்குமே, அது மாதிரி. மாலையில் போய்விடும் என்று இருந்தாள். போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அப்போதும் அவள் நிறுத்தவில்லை. இன்னும் ஏழு நாள்தான் பாக்கி. பாதியில் விட்டால் புருஷன் கண் என்னாவது? அந்த ஏழு நாளும் நின்று நூற்றெட்டையும் சொல்லி முடித்தாள். கடைசி நாள் மத்தியானம் அவர் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து, "ஒட்டிடுச்சாம்மா, நல்லா ஒட்டிடுச்சாம்" என்று சொல்லிச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அவளும் அழுதாள். அழுதுகொண்டே அவர் முகத்தைப் பார்த்தாள். முகம் இல்லை.



நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அர்ச்சகரிடம் போனாள். ஒன்பதரைக்குத்தான் போனாள். முற்றத்தில் நின்று, எப்போது வந்தேன், எப்படிப் பார்த்தேன் என்று அவள் சொல்லச் சொல்ல, அவர் கையிலிருந்த சிவப்புப் பூத் தட்டைக் கீழே வைத்தார். அது அவளுக்கு ஓரக் கண்ணில் நன்றாகவே தெரிந்தது.

"நான் எந்த நேரம்மா சொன்னேன் உங்களுக்கு? உதிக்கற நேரம்னு சொன்னேனா இல்லையா?"

"காலையிலன்னு சொன்னீங்க சாமி."

அவர் காலையில் என்றுதான் சொல்லியிருந்தார். அது அவருக்கும் இப்போது ஞாபகம் வந்துவிட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அருணன் எதுக்கு முன்னாடி உட்கார்ந்திருக்கான்னு நினைக்கறீங்க? தேர் ஓட்ட மட்டுமா? அவரோட சூடு நம்ம மேல நேரா படக் கூடாதுன்னு உடம்பைக் கொடுத்து மறைச்சுட்டு உட்கார்ந்திருக்கான். அவன் மறைக்கற நேரத்துலதான் அவரை நிமிர்ந்து பார்க்கலாம். அப்பவும் தண்ணிக்குள்ளதான். அதுக்கப்புறம் எல்லாரும் குனிஞ்சுதான் கும்பிடணும்மா" என்றார்.

"இப்ப என்ன சாமி பண்றது?"

"கண் டாக்டர்கிட்ட போங்க. இன்னிக்கே போங்க."

"போய் எனக்குக் கண்ணு போச்சுன்னு சொன்னா..." சன்னதிப் பக்கம் திரும்பினாள். "எங்க வீட்டுக்காரருக்குக் கொடுத்த பார்வையைச் சாமி திருப்பி எடுத்துக்க மாட்டாரே?"

இதுதான் அவளுடைய பெரிய பயம். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம். கேட்டது கிடைத்துவிட்டது. கிடைத்ததற்கு ஈடாகச் சாமி எதை எடுத்துக்கொண்டாரோ அதைப் பற்றி வாயைத் திறந்து புலம்பினால், சரி உன் கண்ணை நீயே வைத்துக்கொள் என்று புருஷன் கண்ணில் மறுபடி திரையை இழுத்துவிட்டால்?

"அவர் அப்படி வியாபாரம் பேசற சாமி இல்லம்மா" என்றார் அர்ச்சகர். ஆனால் சொன்னவருடைய குரலே சரியாக இல்லை. அவருக்கும் பயம். நாற்பத்தெட்டு நாளும் அவள் முற்றத்தில் நின்றதைச் சன்னதிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டு, பக்தி என்றால் இதுவல்லவா என்று மெச்சிக்கொண்டிருந்தவர் அவர்தானே.

டாக்டரிடம் போனாள். புருஷனுக்கு வைத்தியம் பார்த்தவரிடம் போகாமல், ஊரின் அந்தக் கோடியில் வேறு ஒருவரிடம். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட அட்டை ஒன்றை நீட்டி, நடுப்புள்ளியைப் பாருங்கள் என்றார். புள்ளியும் இல்லை, அதைச் சுற்றிப் பத்துக் கட்டமும் இல்லை. "வெல்டிங் வேலை ஏதாவது பார்க்கறீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றாள். சாமி கும்பிட்டேன் என்று சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"கண்ணாடி போட்டா சரியாயிடுமா சார்?"

"கண்ணாடிக்கு அடங்கற விஷயம் இல்லம்மா. உள்ள நடுவுல வெந்து போயிருக்கு. தானா கொஞ்சம் ஆறலாம், ஆறு மாசம் ஆகலாம். ஆறாமலும் போகலாம். மருந்துன்னு எதுவும் இல்ல. என்ன வேலைக்குப் போறீங்க?"

"வீட்டுலதான் சார் இருக்கேன்."

பொய்யும் இத்தனை சுலபமாக வரும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. "அப்ப நல்லது. ஸ்கூட்டர் கீட்டர் எதையும் தொட்டுடாதீங்க" என்று சொல்லி அனுப்பினார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வேனை எடுத்தாள்.

எடுக்காமல் என்ன செய்வாள்? கடிகாரக்காரர் இன்னும் மூன்று மாதம் லென்ஸைத் தொடக் கூடாது என்று அவருடைய டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டுக்கு வருவது இந்த ஒரு சம்பளம்தான். வண்டியை விடுகிறேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் அவர் காதுக்குப் போகும். என் கண்ணுக்காக உன் கண்ணைக் கொண்டுபோய் வைத்தாயா என்று அந்த மனுஷன் ஒரு வேளை சோறு இறங்காமல் செத்துப்போவார். இன்னும் கொஞ்ச நாள், டாக்டரே ஆறலாம் என்றாரே, ஆறும்வரை ஓட்டிவிடலாம் என்று தினமும் காலையில் சொல்லிக்கொண்டாள். தினமும் ஸ்டியரிங்கைப் பிடித்ததும் உள்ளங்கை ஈரமாகிவிடும். துடைத்துத் துடைத்து மடியில் ஒரு துண்டே போட்டுக்கொண்டாள்.

வழி அவளுக்கு மனப்பாடம். எந்தத் திருப்பத்தில் பள்ளம், எந்தக் கடை முன்னால் லாரி நிற்கும், எல்லாம் கைக்குத் தெரியும். அதோடு ஒரு வித்தையும் கற்றுக்கொண்டாள். நேரே பார்த்தால்தானே மறைகிறது? இடது பக்க மரத்தைப் பார்த்துக்கொண்டு ஓட்டினால் ரோடு ஓரக் கண்ணில் மங்கலாக வரும். சிவப்பு விளக்கைப் பார்க்க வேண்டுமென்றால் பக்கத்துக் கட்டிடத்தின் மாடியைப் பார்க்க வேண்டும். ஆனால் மனுஷக் கண் பழக்கத்தை விடுமா? எதிரே ஏதோ அசைந்தால் சட்டென்று அதன் மேலேயே போய் நிற்கும். நின்றதும் அசைந்தது மறைந்துவிடும். ஒரு தடவை சைக்கிள்காரர் ஒருவர் இப்படித்தான் கண் முன்னாலேயே கரைந்து போனார். அவள் பிரேக்கை மிதித்துவிட்டு, உயிர் போய் உயிர் வந்து உட்கார்ந்திருந்தாள். சைக்கிள்காரர் ஜன்னலோரமாக வந்து திட்டிவிட்டுப் போனபோதுதான் அவர் உயிரோடு இருக்கிறார் என்றே தெரிந்தது. அந்தத் திட்டைக் கேட்டு அவளுக்கு அத்தனை சந்தோஷம்.

அதற்கப்புறம் வண்டி மாட்டு வண்டி வேகத்துக்கு வந்துவிட்டது. தினமும் பத்து நிமிஷம், கால் மணி நேரம் தாமதம். அவளுக்கு நேர் பின் சீட்டில் உட்காருகிறவர் தையல்காரம்மா. ஒரு காலத்தில் பெரிய தையல் கடை வைத்திருந்தவர், சாரதியைப் பெறாத மகளாக வைத்திருப்பவர். "எண்பது வயசு எனக்கே இவ்வளவு நிதானம் இல்லடி. இப்படியே போனா நிலையத்துக்குப் போய்ச் சேரறதுக்குள்ள எனக்குத் தொண்ணூறு ஆயிடும்" என்பார். வண்டி முழுக்கச் சிரிக்கும். சாரதியும் சிரிப்பாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை இரண்டாவது சுற்று. கடைசி ஆள் கணக்கு வாத்தியார். வாத்தியாருக்கு நேரம் என்றால் நேரம்தான். எட்டு நாற்பதுக்கு அவர் வீட்டுக் கேட்டுக்குப் பக்கத்தில் நிற்பார், எட்டு நாற்பதுக்கு வேன் வர வேண்டும். அன்றைக்கு வேன் அந்தத் தெருவுக்குள் திரும்பியபோது மணி எட்டு ஐம்பத்தேழு. காலை வெயில் கண்ணாடியில் நேராக அடித்தது. வெயிலைக் கண்டாலே அவளுக்கு இப்போது உடம்பு கூசும். கேட் தெரிந்தது. அதைப் பார்த்தாள், அது மறைந்தது. பக்கத்துச் சுவரைப் பார்த்தாள், கேட் வந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. இன்னும் வெளியே வரவில்லை போல, தப்பித்தேன், இன்றைக்குத் திட்டு இல்லை என்று நினைத்துக்கொண்டு, வண்டியை ஓரம் கட்டுவதற்காக ரோட்டைப் பார்த்தாள். ரோடு வெறுமையாக இருந்தது.

சத்தம் பெரிதாக இல்லை. அரிசி மூட்டையைத் தரையில் வைத்தால் வருமே, அவ்வளவுதான்.

தாமதம் தாங்காமல் வாத்தியார் வண்டி வருகிறதா என்று பார்க்கத் தெருவுக்கே இறங்கி வந்துவிட்டார். வேன் வருவதைக் கண்டு கையை உயர்த்திக் கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். நட்ட நடுவில், அவளுக்கு நேர் எதிரே. வண்டி ஊர்ந்துகொண்டிருந்ததால் உயிர் பிழைத்தார். கீழே விழுந்ததில் தோள் எலும்பு முறிந்தது, நெற்றி கிழிந்தது.

அவள் இறங்கி ஓடினாள். குனிந்து அவர் முகத்தைத் தேடினாள். முகம் வந்தால்தானே? சாம்பல் மொத்தைதான் வந்தது, அதன் ஓரத்தில் சிவப்பாக ஏதோ வழிந்தது.

"சாரதி, பயப்படாதே. என் மேலதான் தப்பு. நான்தான் ரோட்டுல இறங்கிட்டேன்" என்றது அந்த மொத்தை.

ஆம்புலன்ஸ் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். அதற்கப்புறம் நடந்ததுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. வண்டியிலிருந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் அவளுக்காகப் பேசினார்கள். "தங்கமான பொண்ணு சார், எட்டு வருஷமா ஒரு பூனை மேலகூட ஏத்தினதில்ல" என்றார் ஒருவர். தையல்காரம்மா ஒரு படி மேலே போய்விட்டார். "நான் நேர் பின்னால உட்கார்ந்திருந்தேன், என் கண்ணால பார்த்தேன். வாத்தியார் திடீர்னு குதிச்சாருங்க. இவ என்ன பண்ணுவா?" என்றார். அவர் எதையும் பார்க்கவில்லை. அப்போது அவர் கைப்பையில் இருந்த தகர டப்பாவில் மாத்திரை தேடிக்கொண்டிருந்தார், அந்தத் தகரச் சத்தம் சாரதிக்குக் காதில் கேட்டது. போலீஸ்காரர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வாத்தியாரும் போனில் அதையே சொன்னாராம். ஓட்டுநர் மேல் தவறில்லை என்று முடித்துக்கொண்டார்கள். நிலையத்திலிருந்து வந்த வேறொருவர் வேனை ஓட்டிக்கொண்டு எல்லோரையும் கொண்டுபோய்ச் சேர்த்தார். அவள் கடைசி சீட்டில் உட்கார்ந்து வந்தாள்.

நிலையத்தின் கூடத்தில் மத்தியானம் வரை அவளை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து ஆளாளுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். தையல்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைத் தன் மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். இதுவரை அவள் எதற்கெல்லாமோ பயந்திருந்தாள். வேலை போய்விடுமோ, புருஷனுக்குத் தெரிந்துவிடுமோ, சாமி கோபித்துக்கொள்ளுமோ என்று. இப்போது வேறு ஒரு பயம். தன்னை விட்டுவிடப் போகிறார்களே என்ற பயம். இத்தனை பேர் சேர்ந்து தன்னைக் காப்பாற்றி, கையைப் பிடித்துக் கொண்டுபோய் மறுபடி அந்த ஸ்டியரிங் முன்னால் உட்கார வைக்கப் போகிறார்கள். உட்கார்ந்தால் அவள் ஓட்டுவாள். தன்னைப் பற்றி அவளுக்கே தெரியும். அடுத்த தடவை தோள் எலும்போடு போகாது.

மேனேஜர் வந்தார். நல்ல மனுஷன், அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"அக்கா, எல்லாம் பேசி முடிச்சாச்சு. உங்க மேல ஒண்ணும் இல்ல. மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க. சாயங்காலம் நீங்களே எல்லாரையும் கொண்டுபோய் விட்டுடுங்க. உடனே ஓட்டினாத்தான் பயம் தெளியும். இந்தாங்க சாவி."

அவர் கையை நீட்டினார். அவள் அவருடைய உள்ளங்கையைப் பார்த்தாள். உள்ளங்கை இல்லை. சட்டைக் கையும் மணிக்கட்டும் இருந்தன, அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை. எல்லோரும் அவள் எடுத்துக்கொள்வதற்காகக் காத்திருந்தார்கள்.

"சார், உங்க கையில சாவி இருக்கறது எனக்குத் தெரியல."

"என்னக்கா?"

"கண்ணு தெரியலை சார். நடுவுல எதுவும் தெரியலை. வாத்தியார் எதிர்ல நின்னதை நான் பார்க்கவே இல்ல. அவர் குதிக்கல. சும்மாத்தான் நின்னுட்டிருந்தார்."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கோயில், ஒன்பதரை மணி, நூற்றெட்டு, கட்டம் போட்ட அட்டை, டாக்டரிடம் சொன்ன பொய், எதையும் விடவில்லை.

"அப்ப என் முகம்?" என்று தையல்காரம்மா கேட்டார். "என் முகம் தெரியுதா உனக்கு?"

"இல்லம்மா."

"எத்தனை நாளா?"

"மூணு வாரமாம்மா."

மூன்று வாரம், காலையும் மாலையும். ஒவ்வொருவரும் மனதுக்குள் எண்ணிப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. பாலத்தைத் தாண்டியது, ரயில்வே கேட்டைத் தாண்டியது, லாரிகளுக்கு நடுவே புகுந்து வந்தது, பின்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தது. யாரோ ஒருவர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. தையல்காரம்மா அவள் கையைத் தன் மடியிலிருந்து எடுத்து, மெதுவாக, கோபமில்லாமல்தான், அவளுடைய மடியிலேயே வைத்தார். பிறகு மேனேஜரைப் பார்த்து, "இன்னிக்கு எங்களை வீட்டுல விட யாருங்க வருவாங்க?" என்று கேட்டார்.

அவள் எழுந்து சுவரைத் தடவிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். போனில் புருஷன் எண் முதல் பொத்தானிலேயே இருந்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. சொல்லியாகிவிட்டது, வாயைத் திறந்து எல்லோர் முன்னாலும் சொல்லியாகிவிட்டது. அங்கே இந்த நேரம் அவர் கண்ணில் என்ன நடந்திருக்கிறதோ?

"சொல்லும்மா" என்றார்.

"உங்க கண்ணு தெரியுதா?"

"என்னது?"

"கண்ணு. வலது கண்ணு. இப்ப தெரியுதான்னு பார்த்துச் சொல்லுங்க."

"தெரியுதே. காலண்டர்ல தேதி படிக்கறேன், பதினாறு. ஏன், என்னாச்சு உனக்கு? எதுக்கு அழற?"

அவள் வராந்தாவிலிருந்து தெருவைப் பார்த்தாள். வெயில் இருந்தது, சத்தம் இருந்தது, நடுவில் ஒன்றும் இல்லை.

"ஒண்ணும் இல்லங்க. கிளம்பி வந்து என்னைக் கூட்டிட்டுப் போங்க. எனக்கு ரோட்டைத் தாண்டத் தெரியல."